பறவை விழுங்கிய விலாசம்

முதல் நாள்: பானவில் அணை

சித்தி மகன் மூன்று வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். "செப்டம்பர் கடைசியில் வா அக்கா. அப்போதுதான் பறவையெல்லாம் தீவைக் காலி செய்திருக்கும்" என்பான். எனக்குப் பறவை பார்க்கிற பைத்தியம். பறவை போன பிறகு வந்து எதைப் பார்ப்பது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இந்த வருடம் என்னவோ, சரி என்று அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.

அவன் என்ன வேலை பார்க்கிறான் என்று வீட்டில் யாருக்கும் ஒழுங்காகச் சொல்ல வராது. "மீன் ஆராய்ச்சி" என்று சித்தி சமாளிப்பாள். அவனைக் கேட்டால், "பறவை எச்சத்தில் மீனைத் தேடுற வேலை" என்பான். இரண்டும் உண்மைதான். கொலம்பியா ஆற்றிலும் அதில் வந்து சேரும் ஸ்னேக் ஆற்றிலும் பிறக்கும் சால்மன், ஸ்டீல்ஹெட் குஞ்சுகள் ஒவ்வொரு வசந்தத்திலும் கடலுக்குப் புறப்படும். வழியெல்லாம் அணைகள். அணைகளுக்கு நடுவே தீவுகள். தீவுகளில் ஆலா, நீர்க்காகம், கடற்காகம், கூழைக்கடா. எந்தத் தீவுப் பறவை எந்த ஆற்று மீனை எத்தனை தின்றது என்று கணக்கெடுப்பது இவன் இருக்கும் குழுவின் வேலை.

விமான நிலையத்திலிருந்து நேராகப் பானவிலுக்கு அழைத்துப் போனான். கடலிலிருந்து ஏறி வரும் மீனுக்கு முதலில் எதிர்ப்படும் அணை இது. முகத்துவாரத்திலிருந்து சுமார் 235 கிலோமீட்டர். 1938-லிருந்து இங்கே ஏறிப்போகும் மீன்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அணையின் பக்கவாட்டில் படிப்படியாகத் தொட்டி கட்டி, மீன் ஏறிப்போக வழி விட்டிருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் அந்த வழியைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம்.

செப்டம்பரில் சினூக் சால்மன் ஏறும் நேரம். கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் ஒன்று வந்து நின்றது. என் கை நீளம் இருக்கும். மூக்கு நுனி தேய்ந்து வெளுத்திருந்தது, வால் ஓரம் கிழிந்திருந்தது. தண்ணீர் அதைப் பின்னால் தள்ள, அது வாலை லேசாக ஆட்டியபடி அதே இடத்தில் நின்றது. என்னைப் பார்த்ததா என்று தெரியவில்லை. ஒரு நிமிடம் கழித்து ஒரே உதறல், போய்விட்டது.

"முதுகில் வாலுக்கு முன்னால் குட்டியாக ஒரு கொழுப்புத் துடுப்பு இருக்கும். இதுக்கு இல்லை, கவனிச்சியா? பண்ணை மீன். குஞ்சிலேயே வெட்டி விட்டுடுவாங்க, அடையாளத்துக்கு" என்றான்.

கடலுக்குப் போன குஞ்சுகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஆறு வரை பெரிதாகித் திரும்ப வேண்டும் என்பது இங்கே வைத்திருக்கும் இலக்கு. ஸ்னேக் ஆற்றுக் காட்டு மீன்கள் பெரும்பாலான வருடங்களில் அந்த இரண்டைக்கூட எட்டுவதில்லை. ஆகவே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற சினூக், ஏறக்குறைய நூறு பேர் எழுதிய பரீட்சையில் தேறிய ஒருத்தி. மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் இந்தப் பயணம்.

இரண்டாம் நாள்: ஆற்றோடு மேலே

நாள் முழுக்கக் கார். கடற்பக்கம் பச்சைப்பசேல் என்று இருந்த மலைகள், ஹூட் ரிவர் தாண்டியதும் மொட்டையாகிப் பழுப்பாகின்றன. ஒரே ஆறு, இரண்டு தேசம் மாதிரி.

ஆறு என்று சொல்வது மரியாதைக்காகத்தான். த டாலஸ் அணை 1957, அதற்கு மேல் ஜான் டே 1971, அதற்கும் மேல் மெக்நாரி 1954. ஒன்றின் ஏரி முடிகிற இடத்தில் அடுத்த அணை நிற்கிறது. பனி உருகும் வெள்ளம் முன்பெல்லாம் குஞ்சுகளை அள்ளிக்கொண்டு போய்க் கடலில் விட்டுவிடும். அவை பெரும்பாலும் நீந்துவதுகூட இல்லையாம், தலை மேல்நீரைப் பார்த்தபடி வாலை முன்னே விட்டு மிதந்து போகும். இப்போது தள்ளுவதற்கு ஆள் இல்லை. ஏரிக்குப் பின் ஏரியாகத் தடவித் தடவிப் போக வேண்டும். பறவைக்கு அத்தனை நாள் கூடுதலாகக் கிடைக்கிறது.

டாலஸ் அணைக்குச் சற்று மேலே ஓர் இடத்தில் வண்டியை ஓரங்கட்டினான். அகலமான, அசைவில்லாத தண்ணீர். இதற்கடியில்தான் செலைலோ அருவி. பல்லாயிரம் ஆண்டுகளாக இந்த மண்ணின் பழங்குடிகள் மரத்தட்டுப் போட்டு நின்று சால்மன் பிடித்த இடம். 1957 மார்ச்சில் அணை மதகை மூடியதும் சில மணி நேரத்தில் மூழ்கியது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீரைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

ஜான் டே அணைக்குக் கீழே நின்றபோதுதான் விஷயம் புரிந்தது. அணையின் வாசலில், தண்ணீர் கொதிப்பது போல் வெளியே வரும் இடத்துக்கு மேலே, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகக் கம்பிகள் கட்டியிருக்கிறார்கள். துணி காயப்போடவா என்று கேட்டேன்.

"கடற்காகத்துக்கு. டர்பைன் வழியாவோ மதகு வழியாவோ விழுந்து வர்ற குஞ்சு கொஞ்ச நேரம் மயங்கிப்போய் மேலே மிதக்கும். அதை அப்படியே கொத்திட்டுப் போகும். கம்பி குறுக்கே இருந்தால் பாய முடியாது."

குஞ்சுகளை ஒதுக்கிக் குழாய் வழியாக இறக்கிவிடும் இடங்களில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் பறவையை விரட்டுவதும் உண்டாம். வசந்தத்தில் வாணவெடி போட்டு விரட்டவும் ஆள் வைத்திருக்கிறார்கள். மேலே உள்ள சில அணைகளில் குஞ்சுகளைப் பிடித்து, தொட்டிப் படகில் ஏற்றி, எல்லா அணைகளையும் தாண்டிப் பானவிலுக்குக் கீழே கொண்டுவந்து விடுவதும் நடக்கிறது. மீனைப் படகில் ஏற்றி ஆற்றில் அனுப்பும் காரியத்தை முதல் தடவை கேட்டபோது கிண்டல் என்றே நினைத்தேன்.

ஓர் அணையைக் கடக்கையில் வசந்தகாலக் குஞ்சுகளில் நூற்றுக்கு 96 பிழைத்தால் அந்த அணை தேர்ச்சி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஐடஹோ மாநிலத்து மலையிலிருந்து வரும் மீனுக்கு எட்டு அணை. எட்டுத் தடவை 96 சதவீதம் போட்டுப் பார்த்தேன்: 72. ஏரியில் சாவது இதில் சேர்த்தி இல்லை.

மூன்றாம் நாள்: பாஸ்கோ, காற்று

தீவுக்குப் போகவில்லை. காலை நாலரைக்கு எழுந்து படகுத்துறைக்குப் போனால் ஆறு முழுக்க வெள்ளை நுரை. குழுத்தலைவி ஐந்து நிமிடம் தண்ணீரைப் பார்த்தார், தலையை ஆட்டினார், எல்லோரும் திரும்பிவிட்டோம். விடுதியில் தூங்கினேன்.

மதியம் கரையோரம் நடந்தபோது ஆலா பற்றிக் கேட்டேன். இங்கே பிரச்சினைக்குரிய பறவை காஸ்பியன் ஆலா. ஆலாக்களிலேயே பெரியது, சிவந்த தடித்த அலகு, கறுப்புத் தொப்பி. நம் கோடியக்கரைக்குக் குளிர்காலத்தில் வருவதும் இதே இனம்தான். எனக்கு எப்போதும் பிடித்த பறவை. இங்கே அதன் பெயரைச் சொன்னால் மீன்காரர்கள் முகம் மாறுகிறது.

ஆலா என்ன தின்கிறது என்று கண்டுபிடிப்பது சுலபமாம். பிடித்த மீனை விழுங்காமல் அலகில் குறுக்கே கவ்விக்கொண்டு கூட்டுக்கு வரும். மறைவில் உட்கார்ந்து தொலைநோக்கியில் பார்த்து இது சால்மன், இது நெத்திலி என்று குறித்துக்கொள்ளலாம். நீர்க்காகம் அப்படியில்லை, வயிற்றில் போட்டுக்கொண்டு வந்து குஞ்சுக்குக் கக்கும். அதைத் தெரிந்துகொள்ளப் பறவையின் வயிற்றைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

ஆனால் இது சால்மன் என்று தெரிந்தால் போதாது. எந்த ஆற்றுச் சால்மன், அழிவின் விளிம்பில் இருப்பதா, பண்ணையில் கோடிக்கணக்கில் வளர்த்து விடுவதா? அதற்குத்தான் மீனுக்குள் வைக்கிற சில்லு. நாளை காற்று அடங்கினால் பார்க்கலாம்.

நான்காம் நாள்: தீவு

தீவின் பெயரை எழுதாதே என்றான். அடுத்த வசந்தத்தில் யாராவது படகெடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள் என்ற பயம். மெக்நாரி ஏரியில், தண்ணீர் மட்டத்துக்கு ஓர் ஆள் உயரம்கூட எழாத சரளைத் திட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கியதும் நாற்றம். பறவை போய் ஒன்றரை மாதம் ஆகியும் மூக்கைத் துளைத்தது. தரை முழுக்கச் சுண்ணாம்பு அடித்தது போல் எச்சம் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கிறது. அதன்மேல் குஞ்சுகளின் எலும்பு, சிறகுத்தண்டு, மீன் முள், கோழி எலும்பு, ஒரு பிளாஸ்டிக் கரண்டி. கடற்காகம் எதையும் விடாது போல. முகமூடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நாலு அடி வைத்தேன், காலில் ஷூ இருந்தும் உள்ளங்காலில் சுருக்கென்று ஏறியது. குனிந்து எடுத்துப் பார்த்தால் நெருஞ்சி முள்! சாட்சாத் நம் நெருஞ்சியேதான். இங்கே சைக்கிள் டயருக்கு எமன் என்றார் குழுத்தலைவி. இத்தனை கடல் தாண்டி வந்து அறிமுகமான முள்ளையே மிதித்ததில் ஒரு சந்தோஷம்.

வேலை இதுதான். குஞ்சு மீன் பண்ணையிலோ ஓடையிலோ இருக்கும்போதே, ஊசியால் வயிற்றுக்குள் ஒரு சில்லைச் செலுத்திவிடுகிறார்கள். கண்ணாடிக் குப்பி, பன்னிரண்டு மில்லிமீட்டர் நீளம், எடை பத்தில் ஒரு கிராம். உள்ளே பேட்டரி கிடையாது. பக்கத்தில் ஆன்டெனா வந்தால் அதன் காந்தப்புலத்திலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த வேலை. உலகில் வேறு எந்தச் சில்லுக்கும் அந்த எண் இல்லை. அணைகளில் குஞ்சு போகும் குழாய்களிலும் பெரிய மீன் ஏறும் படிகளிலும் ஆன்டெனா உண்டு. கடந்த நேரம் நொடிக்கணக்காகப் பதிவாகிவிடும். இந்த ஆற்றுப்படுகையில் வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் மீன்களுக்கு இப்படிச் சில்லு வைக்கிறார்கள்.

மீனைப் பறவை விழுங்கினால் சில்லும் உள்ளே போகும். கண்ணாடி செரிக்காது. எச்சத்திலோ, கக்கும் உருண்டையிலோ வெளியே வந்து கூட்டருகே கிடக்கும். பறவைகள் கிளம்பிய பிறகு நாம் போய்ப் பொறுக்க வேண்டும். பொறுக்கக்கூட வேண்டாம், படித்தால் போதும். பெரிய மணல் தீவுகளில் தட்டையான பெரிய ஆன்டெனாவை வண்டியில் கட்டி, பரம்படிப்பது போல இழுத்துப் போவார்கள். இது கல்லும் முள்ளுமான சின்னத் தீவு, அதனால் கோலின் நுனியில் வளையம் மாட்டிய கைக்கருவி. கயிறு கட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரித்துக்கொண்டு, தரையோடு தரையாக வளையத்தை வீசிக்கொண்டே நடக்க வேண்டும். சில்லு இருந்தால் கீச் என்னும்.

எனக்கு ஒரு பாத்தி கொடுத்தார்கள். இருபது நிமிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு கீச். நான் கத்தியே விட்டேன். தம்பி ஓடிவந்து திரையைப் பார்த்தான், சிரிக்க ஆரம்பித்தான்.

"அக்கா, இது நாங்க போட்டது."

சீசன் தொடக்கத்திலும் நடுவிலும் கடைசியிலும் இவர்களே கொஞ்சம் சில்லுகளைத் தீவில் விதைத்துவிட்டுப் போகிறார்கள். கடைசியில் தேடும்போது அவற்றில் எத்தனை கிடைக்கிறது என்று பார்த்தால், மீனிலிருந்து வந்த சில்லுகளிலும் எத்தனை பங்கு நம் கண்ணில் படாமல் போயிருக்கும் என்று தெரியும். மழை அடித்துப்போவது, காற்று வீசி எறிவது, மண்ணில் புதைவது எல்லாம் அந்தக் கணக்கில் வந்துவிடும். தேடுகிறவர்கள் தங்களையே பரீட்சை வைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருந்தது. என் முதல் கண்டுபிடிப்பு மட்டும் வினாத்தாளாகப் போய்விட்டது.

மதியத்துக்குள் பழகிவிட்டது. ஒரு மூலையில் மட்டும் கருவி முணுமுணுத்தது, படிக்கவில்லை. இரண்டு சில்லு ஒட்டிக் கிடந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசி எதுவும் கேட்காமல் போய்விடுமாம். தம்பி மண்டியிட்டுக் காய்ந்த எச்சத்தைப் பேனாக்கத்தியால் பெயர்த்துப் பிரித்தான். ஒன்று அவன் உள்ளங்கையில் விழுந்தது. தண்ணீர் ஊற்றித் துடைத்துக் கொடுத்தான்.

நீளமான அரிசி மணி போல இருந்தது. வெயிலில் தூக்கிப் பிடித்தால் கண்ணாடிக்குள் மயிரிழை போன்ற செம்புக் கம்பிச் சுருள், ஒரு நுனியில் கறுப்பாகக் கடுகில் பாதி. கீறல் ஒன்றும் இல்லை. மீன் வயிறு, பறவை வயிறு, நாலு மாத வெயில் எல்லாம் பார்த்துவிட்டு வந்திருக்கிறது. வளையத்தைக் கொண்டுபோனதும் கீச். 3டி9 என்று தொடங்கும் நீளமான எண். முழுவதையும் கையில் எழுதிக்கொண்டேன், பேனா மை வியர்வையில் பாதி அழிந்துவிட்டது. நல்லவேளை கருவியில் இருந்தது.

ஐந்தாம் நாள்: கணக்கு

இன்று முழுக்கச் சாப்பாட்டு மேசை, மடிக்கணினி, காபி. சில்லுகளின் எண்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு பெரிய பதிவேடு இருக்கிறது, படுகை முழுவதும் உள்ள எல்லா அமைப்புகளும் அதில்தான் ஏற்றுகின்றன. நேற்று கையில் வைத்திருந்த சில்லின் எண்ணைத் தட்டினான். நாலே வரி வந்தது.

ஸ்டீல்ஹெட். ஐடஹோவில் கிளியர்வாட்டர் ஆற்றுப் பக்கம் பண்ணையில் வளர்ந்தது, ஏப்ரலில் விட்டிருக்கிறார்கள். ஏப்ரல் 29, லோயர் கிரானைட் அணை. மே 4, லோயர் மானுமென்டல் அணை. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அடுத்த வரி நேற்றைய தேதி, தீவின் பெயர்.

மே 4-க்கும் நேற்றைக்கும் நடுவே எந்த நாளில் எந்தப் பறவை பிடித்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எந்த ஊர், எத்தனை நாள் நடை, எந்த அணையைத் தாண்டியது, எந்தத் தீவில் முடிந்தது எல்லாம் இருக்கிறது. விலாசம் எழுதிய கடிதம், பிரிக்காமல் வேறு வீட்டில் கிடந்தது மாதிரி.

ஸ்டீல்ஹெட் என்பது வேறு ஒன்றும் இல்லை, கடலுக்குப் போய்வரும் வானவில் டிரௌட்தான். கடலுக்குப் போகாமல் ஆற்றிலேயே தங்கிவிட்டால் டிரௌட் என்று பேர். பறவைகளிடம் அதிகம் மாட்டுவதும் இதுதான். சினூக் குஞ்சைவிடப் பெரிது, பறவைக்கு ஒரே வாயில் நல்ல சாப்பாடு. போதாததற்கு மேல்மட்டத்திலேயே நீந்தும். ஆலா தலைகுப்புறப் பாய்ந்தாலும் அதிக ஆழம் போகாது. மேலே இருப்பதுதான் அகப்படும்.

சரி, எத்தனை தின்றது? இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. தம்பி ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினான். ஓர் ஆலாத் தீவில் நூறு சில்லு படித்தோம் என்று வைத்துக்கொள். விதைத்ததில் எண்பது சதவீதம் கிடைத்தது, ஆக உண்மையில் தீவில் விழுந்தது 125. ஆனால் தின்ற சில்லையெல்லாம் பறவை வீட்டில் கொண்டுவந்து போடுவதில்லை, பாதி வழியில் பறக்கும்போதே போய்விடும். இதற்காகச் சில்லு வைத்த மீனைப் பறவைகளுக்குத் தின்னக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆலா நூற்றுக்கு 71 சில்லைத் தீவில் போடுகிறது, நீர்க்காகம் 51, கடற்காகம் 15 மட்டும். அதனால் அதே 125 சில்லு, ஆலாத் தீவு என்றால் 176 மீன், நீர்க்காகத் தீவு என்றால் 245, கடற்காகத் தீவு என்றால் 833.

அந்த 833-ஐ வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். குறைவாகச் சாட்சி விட்டுப்போகிற பறவை, நிஜத்தில் அதிகம் தின்றிருக்கிறது. சாட்சியை எண்ணுவதோடு நிறுத்தியிருந்தால் கடற்காகம் தப்பித்திருக்கும்.

சாயங்காலம் குழுத்தலைவி வந்தார். நேரடியாகவே கேட்டேன், பறவையைக் குறைத்தால் திரும்பி வரும் சால்மன் கூடுமா என்று. அவர் உடனே பதில் சொல்லவில்லை. பறவை பிடிப்பது நோயாளியையும் மெலிந்ததையும் என்றால், அது எப்படியும் கடலில் செத்திருக்கும். பறவையை விரட்டிப் பயனில்லை. நல்ல ஆரோக்கியமான குஞ்சையும் சேர்த்துப் பிடிக்கிறது என்றால் ஒவ்வொன்றும் நஷ்டம். இரண்டு பக்கமும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் வந்திருக்கின்றன, ஒரே மாதிரித் தரவை வைத்துக்கொண்டே. அவருடைய சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்தது. ஆனால் நான் பதிவில் எழுதுவேன் என்றதும் சொல்ல மறுத்துவிட்டார்.

என் சாய்வைச் சொல்லத் தடையில்லை. குற்றப்பத்திரிகையில் பறவையின் பெயருக்கு மேலே வேறு பெயர்கள் வர வேண்டும். மெக்நாரி ஏரியில் கிரெசன்ட் தீவு என்று ஒன்று, ஒரு காலத்தில் ஆலாக்களுக்குப் பேர்போனது. 1985-ல் தூர்வாரிய மண்ணைக் கொட்டி மனிதர்கள் செய்த தீவு. பாட்ஹோல்ஸ் நீர்த்தேக்கத்தில் கூஸ் தீவு, அது பாசனத் திட்டத்தின் அணையால் உண்டானது. அங்கிருந்த ஆலாக்கள் காத வழி பறந்து கொலம்பியாவுக்கு வந்து, மேல் கொலம்பியா ஸ்டீல்ஹெட் குஞ்சுகளில் ஏறக்குறைய 15 சதவீதத்தைத் தின்றுகொண்டிருந்தன. ஒரு தீவுக் கூட்டம் ஓர் இனத்தில் 2 சதவீதத்துக்குமேல் தின்னக்கூடாது என்பது இலக்கு.

2014-லிருந்து கூஸ் தீவிலும் 2015-லிருந்து கிரெசன்ட் தீவிலும் ஆலா உட்கார முடியாதபடி கயிறு கட்டி, கொடி கட்டி, வேலி போட்டு, செடி நட்டார்கள். பலித்தது. அங்கே மீன் தின்ற அளவு சட்டென்று விழுந்தது. ஆலாக்களில் ஒரு பங்கு கீழே ஜான் டே ஏரியின் பிளேலாக் தீவுகளுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. அப்புறம் வசந்தத்தில் கூடு கட்டும் நேரம் பார்த்து ஏரியின் மட்டத்தையே ஏற்றி, அந்தத் தீவுகளை நனைத்து வைக்க ஆரம்பித்தார்கள். பறவைகளைக் காக்க 1918-ல் ஒரு சட்டம், அழியும் மீன்களைக் காக்க 1973-ல் ஒரு சட்டம். இரண்டுக்கும் நடுவே கயிறும் கொடியும்.

"நாளைக்குப் பாலத்தைப் பார்த்தால் உனக்கு இன்னும் கோபம் வரும்" என்றான் தம்பி.

ஆறாம் நாள்: அஸ்டோரியா

விடியும் முன் கிளம்பி, ஐந்தரை மணி நேரம் ஓட்டி, முகத்துவாரம் வந்தோம். மழைத் தூறல். கருவிப் பெட்டியைக் கடற்கரைப் பக்கத்து அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று அவனுக்கு ஒரு சாக்கு.

கதை இங்கே தொடங்கியதுதான். முகத்துவாரத்திலிருந்து 34 கிலோமீட்டர் மேலே ரைஸ் தீவு, கப்பல் தடத்தில் வாரிய மணலைக் கொட்டி உண்டாக்கியது. வெறும் மணல் ஆலாவுக்கு அரண்மனை. உப்பு ஏறாத அந்த இடத்தில் தின்பதற்குச் சால்மன் குஞ்சைவிட்டால் வேறு அதிகம் இல்லை. 1998-ல் மட்டும் அந்தத் தீவின் ஆலாக்கள் 1.24 கோடிக் குஞ்சுகளைத் தின்றதாக மதிப்பிட்டார்கள். உடனே அடுத்த வருடத்திலிருந்து இடம் மாற்றும் வேலை. ரைஸ் தீவில் கோதுமை விதைத்து, வேலி போட்டு மணலை மறைத்தார்கள். கடலுக்குப் பக்கத்தில் 8-வது கிலோமீட்டரில் இருக்கும் கிழக்கு மணல் தீவில் செடியை வழித்து மணல் பரப்பி, ஆலாப் பொம்மைகளை நட்டு, ஆலாக் கூட்டத்தின் இரைச்சலை ஒலிபெருக்கியில் போட்டார்கள். பறவை ஏமாந்து போய் இறங்கியது. அங்கே நெத்திலி, ஹெர்ரிங் என்று கடல் மீன் கிடைத்ததும் சால்மன் பங்கு பாதிக்கும் கீழே போனது. இதுவரை கேட்டதில் எனக்கு மனசுக்கு ஒத்துப்போன ஒரே விரட்டல் இது. ஏமாற்றுவதாக இருந்தாலும் சோறு காட்டி ஏமாற்றினார்கள்.

மதியம் வாஷிங்டன் மாநிலப் பக்கம் சினூக் என்ற சின்ன ஊரின் கரையிலிருந்து அந்தக் கிழக்கு மணல் தீவைப் பார்த்தோம். தூறலில் பழுப்புக் கோடாகத் தெரிந்தது. தொலைநோக்கியில் பழுப்புக் கூழைக்கடாக்கள் வரிசையாக, மழையில் தோளைக் குறுக்கிக்கொண்டு. 2013 வாக்கில் இங்கே பதினைந்தாயிரம் ஜோடி நீர்க்காகங்கள் கூடு வைத்திருந்தன, மேற்கு வட அமெரிக்காவிலேயே பெரிய கூட்டம். 2015-லிருந்து மூன்று சீசனில் அரசே 5,500-க்கு மேல் நீர்க்காகங்களைச் சுட்டது. முட்டைகளின்மேல் எண்ணெய் பூசியது. 2016 மே மாதம் ஒரு நாள் மொத்தக் கூட்டமும் முட்டையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எழுந்து போனது.

எங்கே போனது என்பதைப் பார்க்கத்தான் இந்தக் கரை வந்தது. அஸ்டோரியா மெக்லர் பாலம், 1966-ல் திறந்தது, ஆறரைக் கிலோமீட்டர் நீளம், ஒரிகனையும் வாஷிங்டனையும் சேர்ப்பது. சில நூறு ஜோடிகள் இருந்த பாலத்தில் 2020 வாக்கில் ஐயாயிரம் ஜோடிக்கு அருகே வந்துவிட்டது. பெயிண்டை எச்சம் அரிக்கிறது, சோதனைக்கு ஏறும் ஆள் கூட்டுக்கு நடுவே நிற்க வேண்டியிருக்கிறது. பாலம் இருப்பது கிழக்கு மணல் தீவுக்கு மேலே, ரைஸ் தீவின் பக்கமாக. ஆகவே இங்கே உட்காரும் நீர்க்காகம் அங்கே உட்கார்ந்ததைவிடத் தலைக்கு அதிகம் சால்மன் தின்கிறது.

"எத்தனை அதிகம்?"

"அதைத்தான் சொல்ல முடியலை. தீவு என்றால் சில்லு தரையில் கிடக்கும். இங்கே..." என்று கீழே கை காட்டினான்.

ஒரிகன் பக்கம் பாலத்தின் அடியில் நின்றோம். தலைக்கு மேலே, எங்கோ உயரத்தில், இரும்புச் சட்டங்களின் முடுக்கெல்லாம் கறுப்புப் புள்ளிகள். சீசன் முடிந்தும் போகாமல் தங்கியவை. லாரி போகும்போது சட்டம் அதிர, இரண்டு மூன்று பறந்து திரும்பி உட்காரும். சட்டமெல்லாம் வெள்ளை வழிந்திருக்கிறது, அதிலிருந்து சொட்டுவது நேராக ஆற்றில் விழுகிறது. எட்டு அணையைத் தாண்டி, கடலுக்கு ஒரு நாள் தூரத்தில் மாட்டிய மீனின் எண்ணும் அதோடு போகிறது. மற்ற இடங்களில் படித்ததை வைத்து இங்கே இவ்வளவு இருக்கலாம் என்று கணக்கிட்டுக்கொள்கிறார்கள்.

காருக்குத் திரும்பியபோது முன்கண்ணாடியில் தட்டளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. நான் திசுத்தாள் எடுக்கப் போனேன். தம்பி "இரு இரு" என்று டிக்கியைத் திறந்து, பெட்டியிலிருந்து கோலை எடுத்து, வளையத்தைக் கண்ணாடியின் மேல் மெதுவாக ஒரு தடவை கொண்டுபோனான். குஞ்சுகள் போன வசந்தத்திலேயே கடலுக்குப் போயாயிற்று, இந்த மாதம் இருக்க வாய்ப்பில்லை என்று அவனே சொன்னான். சொல்லிவிட்டு இன்னொரு தடவை கொண்டுபோனான்.

கீச் சத்தம் வரவில்லை. வைப்பரைப் போட்டான்.